முள் சிக்கிய இடம்

மழை வலுத்ததும் டோலியைச் சுமந்து வந்த இருவரும் கல் பங்களாவின் வாசலில் நின்றுவிட்டார்கள். வெள்ளிமலையிலிருந்து இறங்கும் அந்தப் பாதையில் ஒதுங்க வேறு கூரை கிடையாது. மணி மூன்றுதான். ஆனாலும் மேகம் மலையை விழுங்கி, பொழுது சாய்ந்ததுபோல் மசமசவென்று இருந்தது.

டோலிக்குள் செவ்வந்தி முனகினாள். தலைப்பிரசவம், முந்தின நாளே பிடித்த வலி. கீழே ஆஸ்பத்திரி ஜீப்புக்குச் சொல்லியனுப்பியும் அது வந்து சேரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அது. சாலை நெடுக மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. கம்பி அறுந்து மலையில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. கச்சிராயபாளையம் வரை தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்று துணிந்தவள் நர்ஸ் அம்சவள்ளி.

"இங்க வேணாம் நர்சம்மா," என்றார் டோலியை முன்னால் சுமந்து வந்த செல்லமுத்து. செவ்வந்தியின் சித்தப்பா, அந்தப் பங்களாவின் காவல்காரரும் அவர்தான். சாவி இடுப்பிலேயே இருந்தது. கை அதைத் தொடவில்லை.

"நனைஞ்சே சாவட்டும்னு சொல்றீங்களா? தொறங்க."

கதவு திறந்ததும் ஈரச்சுவரின் நெடியும் வௌவால் எச்சத்தின் நாற்றமும் முகத்தில் அடித்தன. அவற்றுக்கு நடுவே மெல்லிய பவுடர் வாசனை. யாரோ இப்போதுதான் பூசிக்கொண்டு அறையைக் கடந்துபோனது மாதிரி.

பின்னால் சுமந்து வந்த செவ்வந்தியின் புருஷன் தனசேகரன் அவளை இரும்புக் கட்டிலில் கிடத்தினான். அம்சவள்ளி அவனை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் மூலையில் இருந்த ரெக்கார்டு பிளேயரைப் பார்த்தாள். அறை முழுக்க விரற்கடை உயரத்துக்குத் தூசி. பிளேயர்மேல் இருந்த இசைத்தட்டு மட்டும் துடைத்து வைத்ததுபோல் கறுப்பாக மின்னியது. சாண் அகலம், நடுவே பெரிய ஓட்டை. பக்கத்தில் கிடந்த உறையில் சுருட்டிவிட்ட முடியோடு ஒரு அமெரிக்கப் பாடகி சிரித்தாள். கீழே 1958 என்று போட்டிருந்தது.

பிளேயரின் வயர் தரையில் சுருண்டு கிடந்தது.

கர்ர்ர்.

தட்டு சுழன்றது.

ஒரு பெண்குரல் கொஞ்சலாகப் பாடத் தொடங்கியது. வயலின்கள் சேர்ந்துகொண்டன. நெருங்கியிருந்த வலியில் செவ்வந்தி முக்கினாள். குழந்தையின் தலை தெரியும் நேரம். சட்டென்று பாட்டு ஒரே இடத்தில் சிக்கியது.

"டேக் மீ... டேக் மீ... டேக் மீ..."

வலி நின்றுபோனது. செவ்வந்தியின் வயிறு கல்லாய் இறுகிக் கிடந்தது. கண்கள் உத்தரத்தில் நிலைகுத்தின. அம்சவள்ளி வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்தாள். சிசுவின் துடிப்பு குறைந்துகொண்டே போனது.

செவ்வந்தியின் உதடுகள் அசைந்தன. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள்.

"டேக் மீ... டேக் மீ..."

"செல்லமுத்து!" என்று கத்தினாள் அம்சவள்ளி. "இன்னா இது?"

அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. "அமெரிக்கக்கார அம்மாங்க. அறுவத்தொண்ணுல இந்த வூட்ல இருந்தாங்க. இதே கட்டில். பிரசவ வலி. தொர டாக்டரக் கூட்டியாரப் போனாரு, ஆத்துல தண்ணி வந்துடுச்சு. அந்தம்மா பாட்டப் போட்டுக்கினு படுத்துட்டாங்க. முள்ளு அங்கதான் சிக்கிக்கிச்சு. ராப்பகலா அதே சத்தம். நடுநடுல என்னயக் கூப்ட்டாங்க. ஆம்பள எப்படி உள்ள போறதுன்னு வெளியவே நின்னுக்கினு இருந்தேன்..." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கூப்ட்றது நின்னுபோச்சு. பாட்டு நிக்கல."

அம்சவள்ளி மூலைக்கு ஓடினாள். முள்ளைத் தூக்கக் கை வைத்தாள்.

அசையவில்லை.

அவள் விரல்கள்மேல் வேறு விரல்கள் இருந்தன. ஆற்றுக்கல்லின் குளிர்ச்சி. பவுடர் வாசனை காதோரம் வந்து நின்றது.

நர்சிங் படித்த இங்கிலீஷ் அந்த இரண்டு வார்த்தைக்குப் போதும். என்னைக் கூட்டிப் போ.

கட்டிலில் செவ்வந்தியின் கை தொய்ந்து சரிந்தது.

"சரிம்மா," என்றாள் அம்சவள்ளி. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "கூட்டினு போறேன். இவள வுட்டுடு."

குளிர் விலகியது. முள் கீறலைத் தாண்டிக் குதித்தது. பாட்டு கடைசிவரை ஓடி, தட்டு தானாக நின்றது. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு செவ்வந்தி அலறினாள். அம்சவள்ளி கட்டிலுக்கு ஓடினாள். மறுகணம் குழந்தை அவள் கைகளில் வழுக்கி விழுந்தது. பெண் குழந்தை. நீலம் பாரித்திருந்தது, முதுகில் தட்டியதும் வீறிட்டது.

உதிரம் அதிகம் போயிருந்தது. மழை சற்றே விட, அரைமணியில் டோலியைத் தூக்கிவிட்டார்கள். வழியெங்கும் செல்லமுத்து ஓசையில்லாமல் அழுதுகொண்டே சுமந்தார். குழந்தை அம்சவள்ளியின் மார்போடு ஒட்டிக் கிடந்தது.

அடிவாரத்தில் ஒரு பெரிய புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. மறியல்காரர்கள் இருபது பேர் எழுந்து வந்தார்கள். டோலியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததும் யாரும் கேள்வி கேட்கவில்லை. "புள்ள பெத்தவ வர்றா, வழி வுடுங்கடா!" என்று நரைமீசைக்காரர் ஒருவர் அதட்டி, கிளையொன்றைத் தோள்கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். டோலி குனிந்து நுழைந்தது. பின்னால் குழந்தையோடு அம்சவள்ளியும் நுழைந்தாள்.

பத்தடி தள்ளித் திரும்பினாள். அவர் இன்னும் கிளையை இறக்கவில்லை.

"வுட்டுடுங்கண்ணே. எல்லாரும் வந்துட்டோம்."

"இன்னாம்மா நீ?" அவர் குரலில் கோபம். "அந்தம்மா வயித்தப் புடிச்சிக்கினு தள்ளாடி வருது. வுட்டுட்டுப் போறியே?"

அவர் உடம்பை ஒடுக்கி ஒதுங்கினார். பக்கத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராக, ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வழிவிட்டு நகர்ந்தார்கள்.