சுவரைப் பார்த்த வெளிச்சம்

"ஏன் சாச்சி கழட்டின நீங்க? ஏன்!..."

விடிந்ததும் விடியாததுமாக ஹோலில் நின்று கத்தினாள் சிபானா. நாளைக்கு அவளுக்குக் கலியாணம். சுவர்த் தட்டின் அடியில், வயரிங் வேலைக்கு வந்த எலக்ட்ரிக் பாஸ் ஒட்டியிருந்த எல்.ஈ.டி. பட்டி, சாச்சி நபீஸாவின் கையில் சுருண்டு கிடந்தது. உள்நாட்டுச் சண்டை முடிந்து பாதைகள் திறந்தபின் கொழும்பிலிருந்து கல்முனைக்கு வந்த புது மோஸ்தர் அது.

"கண்ணுக்குக் குத்துது புள்ள."

"ஆருக்கு? நிண்டும் பாத்தன், கதிரையில இரிந்தும் பாத்தன். லைட்டே தெரியல்ல, வெளிச்சம் மட்டும்தான். என்ட சந்தோசம்தான் உங்களுக்குக் குத்துது! என்ட உம்மா இரிந்திருந்தா இப்பிடிச் செய்வாவா?"

கடல் தன் ராத்தாவை, கூடப்பிறந்த மூத்தவளைக் கொண்டுபோன அன்று, அவளுடைய மகளான இந்தச் சிபானாவை இழுத்துக்கொண்டு ஓடியவள் நபீஸா. பிறகு வந்த கலியாணப் பேச்சையெல்லாம் தட்டிவிட்டாள். சுனாமிக்குப்பின் தனக்குக் கிடைத்த இந்த ஒரே வீட்டையும், ஊரில் உம்மாமார் மகளுக்குக் கொடுப்பதுபோல, சிபானாவின் பேருக்கே எழுதிவிட்டாள்.

ஆனால் அழ நேரமில்லை.

"பாயில குந்துகா."

"என்னத்துக்கு?"

"நாளைக்கு மாப்பிள்ள வீட்டார் ஒரே சஹன்ல சுத்தியிரிந்து சாப்பிடக் கதிரையிலயா குந்தப்போறாங்க?"

சிபானா குந்தினாள். நபீஸா பட்டியைப் பழைய இடத்தில் பிடித்து, சுவிட்சைப் போட்டாள்.

"அல்லாஹ்வே!" சிபானா கண்ணைப் பொத்தினாள். பொட்டுப் பொட்டாக நூறு ஊசி! தட்டின் விளிம்பு நிற்பவர் கண்ணுக்குத்தான் மறைப்பு. கீழே இருப்பவருக்கு அடிப்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது.

"விடியச் சுபஹு தொழுதிட்டுப் பாயில இரிந்து நிமிந்தன், அப்பதான் கண்டன்."

"சாச்சி... நான் என்னெல்லாம் கதைச்சிட்டன்..."

"அழுகிறதெண்டா அழு. இந்தச் சட்டத்த மட்டும் ஆட்டாமப் புடி."

தட்டின் முன்விளிம்பில் ஒரு மெல்லிய மரச்சட்டத்தைத் தொங்கலாக அறைந்தாள் நபீஸா. பட்டியை அதன் உட்பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி ஒட்டினாள். இனிச் சட்டத்தின் முதுகுதான் ஆட்களுக்குத் தெரியும். வெளிச்சம் முதலில் சுவரில் விழுந்து, சூடு தணிந்த பால்போல அங்கிருந்து பாய்க்கு இறங்கியது.

சிபானா பின்பக்கச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கக்கத்தில் நபீஸாவின் தலையணை.

"நாளையில இரிந்து குசினியில படுக்கப்போறீங்களா? ஏலா. முன்னறையிலதான் நீங்க. மாப்பிள்ளைக்கிட்ட நான் கதைக்கிறன்."

"மாப்பிள்ள வீட்டோட வந்தா மூத்தவங்க ஒதுங்கிறது ஊர் வழக்கம் புள்ள..."

"வீட்டுக்காரி நான்தானே? நான் சொல்றன்!"

அதட்டியவள் அப்படியே சாச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்த நபீஸாவுக்கு, அப்போதுதான் அழுகை வந்தது.