மூன்று வெட்டு

அந்தப் படகை உருளைக்கட்டைகள் மேல் தள்ளிவந்து என் கொட்டகைக்குள் நிறுத்தியபோது நல்ல வெயில். தொண்ணூறு வயது மீன்பிடிப் படகு. பாய்மரம் முறிந்து கிடந்தது, அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி. அதை வாங்கி என்னிடம் பழுதுபார்க்கக் கொடுத்த ஓர் அம்மா உள்ளே ஏறி, ஒவ்வொரு பலகையின் உட்பக்கமும் செதுக்கியிருந்த மூன்று வெட்டுகளைக் காட்டினார். நடு வெட்டு மட்டும் நீளம். படகைக் கட்டியவனின் அடையாளம்.

"என்ன கைங்க அது," என்றார். "நல்ல பலகை எதையும் தொடாதீங்க. கெட்டத மட்டும் மாத்துங்க. இது மறுபடி பாய் விரிச்சு மீனுக்குப் போகணும்."

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? முப்பது வருடமாக மரத்தோடு மல்லுக்கட்டுகிறேன். கட்டில், கதவு, படகு எல்லாம் செய்தாயிற்று. 'என்ன கை' என்று ஒரு வாய் சொன்னதில்லை. செத்து மண்ணாகிப் போனவனுக்குத்தான் அந்தப் பேச்சு.

பலகை நல்லதா கெட்டதா என்று சுத்தியலால் தட்டித்தான் பார்ப்போம். உளுத்த மரம் பொத்தென்று கேட்கும். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, தட்டிக்கொண்டே போனான். நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தேன்.

"மாமா, இது கணீர்னு கேக்குது. இதுக்குமா குறி போடுறீங்க?"

"காதை நல்லாத் தொடைச்சுக்க. உள்ள உளுத்திருக்கு."

அக்கா புருஷன் பேச்சாயிற்றே என்று அடுத்த பலகையைத் தட்டப் போனான்.

இருபத்திரண்டு பலகைகளில் உளுத்தவை ஐந்து. நான் இருபத்திரண்டையும் கழற்றி, கொட்டகைக்குப் பின்னால் போட்டு எரித்தேன். எல்லாமே உளுத்துவிட்டது என்று அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். புதுப் பலகை ஒவ்வொன்றின் உட்பக்கமும் என் அடையாளத்தை வைத்தேன். ஒரு சின்ன வட்டம். இனி இது என் படகு.

கடைசிப் பலகை ஏறிய மத்தியானம் மச்சான் சாப்பிடப் போயிருந்தான். வெளியே நின்று அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு தட்டு.

உள்ளிருந்து இரண்டு தட்டு.

கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு தட்டினேன்.

ஒரு தட்டு.

ஏணி வைத்து எட்டிப் பார்த்தேன். படகுக்குள் யாரும் இல்லை. நான் வாங்கியே இராத ஏதோ மரத்தின் வாசனை, அப்போதுதான் இழைத்ததுபோல் வந்தது. கீழே ஒரு மரச்சுருள் கிடந்தது. ஆள் நீளம், எங்கும் அறுபடாமல், வெங்காயத் தோல் போல மெல்லிசு. பயத்துக்கு முன் பொறாமைதான் வந்தது. என் இழைப்புளியில் அப்படி ஒன்று வந்ததே இல்லை.

பிறகுதான் பலகையைப் பார்த்தேன்.

என் வட்டம் இல்லை.

மூன்று வெட்டு. நடு வெட்டு நீளம்.

இழைத்துத் தள்ளிவிட்டு மறுபடி வட்டம் வைத்தேன். மறுநாள் இருபத்திரண்டிலும் மூன்று வெட்டு. மச்சானின் சட்டையைப் பிடித்தேன்.

"எனக்கு உளிய நேராப் பிடிக்கத் தெரியாதுன்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்றீங்க," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மாமா, மத்தியானத்துல உள்ள யாரையாவது வச்சு வேலை பாக்குறீங்களா? இழைக்கிற சத்தம் கேக்குது."

படகு தண்ணீரில் இறங்கிய காலையில் நல்ல காற்று. புதுப் பாய் விரிந்ததும் படகு ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்து, சொன்ன பேச்சுக் கேட்டு ஓடியது. ஒரு சொட்டு நீர் உள்ளே வரவில்லை. அந்த அம்மா குனிந்து பலகைகளைத் தடவிக்கொண்டே போனார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு பலகையக் காப்பாத்திட்டீங்களே. அந்த மனுஷன் கை அப்படியே இருக்கு."

இருபத்திரண்டும் நான் அறுத்தது, நான் வளைத்தது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பழைய பலகை எங்கே என்று கேட்பார். தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது, நிறைமாதமாக இருக்கும் என் மகள் பரணிலிருந்து இறக்கிய மரத்தொட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பிறப்பதற்கு முன் அவளுக்காக நான் செய்தது. அதன் அடியில்தான் முதன்முதலாக என் வட்டத்தை வைத்தேன்.

"அப்பா, இத யாரு செஞ்சது? அடியில என்னமோ வெட்டியிருக்கு."

தொட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று வெட்டு. இருபத்தாறு வருடத்துத் தூசி அவற்றில் படிந்து கறுத்திருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் பார்த்தேன். கதவில் பார்த்தேன்.

நான் செய்த எதிலும் நான் இல்லை.

"சொல்லுங்கப்பா. யாரு செஞ்சது?"

"நான்தான்மா," என்றேன். "உனக்காக நான்தான் செஞ்சேன்."

தொட்டில் பலகைக்குள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது.

மகள் வெடுக்கென்று கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "இங்கயும் தட்டுது."