பாறை தட்டியதும் திரும்பத் தட்டியவன்

நானும் மச்சானும் மலையடிவார விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். மச்சான் என் மனைவியின் தம்பி. வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். "என் தம்பியை முழுசா கொண்டுவந்து சேர்க்கணும்" என்று கிளம்பும்போது மனைவி சொன்ன தொனியிலேயே, நான் முழுசாகத் திரும்புவது அவ்வளவு அவசரமில்லை என்று விளங்கிவிட்டது.

மறுநாள் நாங்கள் ஏறவேண்டிய சரிவில் பாதை கிடையாது. வீடு உயரத்துக்குப் பாறைகள் உருண்டு கிடக்கும். கையும் காலும் ஊன்றித் தொற்றித் தொற்றித்தான் போகவேண்டும். ஒத்திகை பார்த்துக்கொள்ள விடுதிக்குப் பின்னால் ஒரு பாறைக் குவியல் இருந்தது.

விடுதியை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்றார்கள். அவர் எங்கள் பூட்ஸின் அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். விரல்நுனிகளில் பிளாஸ்திரி சுற்றிவிட்டார். மச்சானின் மோதிரத்தைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டார்.

"எப்பவும் மூணு பிடி பாறையில இருக்கணும். ரெண்டு கால், ஒரு கை. இல்லன்னா ரெண்டு கை, ஒரு கால்."

"நாலையும் வெச்சா என்னக்கா?" என்றான் மச்சான்.

"அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்." அக்கா சிரிக்கவில்லை. "பாரத்தைப் போடறதுக்கு முன்னாடி பாறையைத் தட்டிப் பாருங்க. ஒரு தட்டுதான். உள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்டா, கையை எடுத்துட்டு வந்துடுங்க. திரும்பத் தட்டினா, கூப்பிட்டதா எடுத்துக்கும்."

"எது?"

அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று அக்கா உள்ளே போய்விட்டார். கருகல் வாசனை எதுவும் வரவில்லை. வந்தது ஈர மண்ணின் வாசனை. அங்கே மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் தட்டுவார்கள். அடியில் காலியாகக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. என் கல்யாணத்தில் மச்சான் என் தலையையே தட்டிப் பார்த்துவிட்டு, மணப்பெண்ணிடம் "பயப்படாதேக்கா, கெட்டியாத்தான் இருக்கு" என்றவன்.

ஒத்திகைக் குவியலில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டு, விரல் கணுவால் தட்டினான்.

டொக்.

உள்ளேயிருந்து ஒரு டொக்.

பறவைகள் வாயை மூடிக்கொண்டன.

"கையை எடுடா," என்று கிசுகிசுத்தேன்.

"இருங்க அத்தான். உள்ள காலியா கேக்குது. இன்னொரு தடவை..."

தட்டினான்.

பாறை உருளவில்லை, சரியவில்லை. நிதானமாக வாயை மூடியது.

சுள்ளிக்கட்டை மிதித்தாற்போல எலும்புகள் நொறுங்கின. அவன் அலறிய அலறலில் என் காது அடைத்துப்போயிற்று. பாறையில் வழிந்த ரத்தம் ஒரு சொட்டுகூடத் தரைக்கு வரவில்லை, கல்லே குடித்தது. அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். அது அந்தப் பக்கம் இழுத்தது. என்னைவிட அதற்குப் பலம் அதிகம். மச்சானின் கன்னம் கல்லில் உரசி உரிந்தது. காது பாதி கிழிந்து தொங்கியது.

அக்கா வந்தார். கையில் வெட்டுக்கத்தி, தோளில் துண்டு. பரபரப்பே இல்லை.

"திரும்பத் தட்டினாரா?"

"ஆமா."

"பெல்ட்டைக் கழட்டிக் குடுங்க. அவர் தலையைப் பிடிச்சுக்குங்க."

முதல் வெட்டு போதவில்லை. அடுத்ததும் போதவில்லை. அதற்குப் பிறகு நானும் மச்சானும் மல்லாந்து விழுந்தோம். பாறை லேசாகத் திறந்து, மிச்சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மூடிக்கொண்டது.

"இன்னும் மூணு பிடி இருக்கு," என்றார் அக்கா, கத்தியைக் கழுவிக்கொண்டே.

முழுசாகக் கொண்டுவராததற்கு மனைவி ரொம்ப காலம் என்னோடு பேசவில்லை. மச்சான் பிழைத்துக்கொண்டான். ஒன்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான்: "இல்லாத கை வலிக்கலை அத்தான். யாரோ பிடிச்சிட்டிருக்காங்க. விடவே மாட்டேங்கறாங்க." நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். நானும் அப்படியே தலையாட்டி வைத்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் வெளுத்த முகத்தோடு வந்து நின்றான்.

"அத்தான், கையை விட்டுடுச்சு."

"நல்லதுதானேடா."

"விட்டுட்டு எங்க போச்சு?"

நாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு, இரண்டு கையும் இருந்த காலத்தில் அவன்தான் டைல்ஸ் ஒட்டினான். அந்தத் தரைக்கு அடியில் ஒரு சத்தம்.

டொக்.

மச்சானின் கண் அந்த டைல்ஸில் நிலைகுத்தியது. இடது கை தானாக மடங்கியது. பாய்ந்து அந்தக் கைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவன் வாயையும் பொத்தினேன்.

சத்தம் நகர்ந்தது. கூடத்தைத் தாண்டிச் சமையலறைப் பக்கம்.

"என்னங்க," என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி. "தரைக்கு அடியில யாரோ தட்டறாப்ல இருக்கு. திரும்பத் தட்டிப் பாக்கவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது.

கரண்டி கீழே விழும் சத்தம் இன்றுவரை கேட்கவில்லை.