காற்று வரும் திசை

கம்பத்தின் உச்சியில் இருந்த அம்பு வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இலை அசையாத மத்தியானம். அம்பு எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம். கோவர்த்தனனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தான் குடியிருக்கும் ஓட்டு வீட்டிலிருந்து மனைவி சுலோசனாவின் கோபத்தைத் தவிர வேறென்ன கிளம்பிவிடும்?

வடமாலபேட்டைக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன வானிலை நிலையத்துக்கு அவன் ஒருவன்தான் ஆள். ஆந்திரா தனியாகப் பிரிந்து, ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று பேசிப் பேசி எல்லோரும் ஓய்ந்திருந்த கார்த்திகை மாதம். காலையிலிருந்தே பாரமானியில் பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது. புயல் வரும், சுழல்காற்றும் வரலாம் என்று கணித்து, சித்தூருக்குத் தந்தி கொடுத்து, தண்டோரா போடச் சொன்னதும் அவன்தான். தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம்: யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அவன் பேச்சை நம்பி ஊரே கதவடைத்துக் கிடந்தது.

ஏணியில் ஏறி அம்பை வடக்கே திருப்பிவிட்டான். அது மெதுவாக, ஒரு கிறீச்சுச் சத்தமும் இல்லாமல், மறுபடி வீட்டைப் பார்த்து நின்றது. தெற்கே தள்ளினான். அப்படியே திரும்பி வந்தது. கீழே பார்த்தபோது வாசல் புழுதி யாரோ உள்ளிருந்து பெருக்கித் தள்ளுவதுபோல வெளியே நகர்ந்துகொண்டிருந்தது. பாலும் சாம்பிராணியும் காய்ச்சல்காரக் குழந்தையின் வியர்வையும் கலந்த வாசனை அந்த அசைவற்ற முற்றத்தைக் கடந்து வந்து அவன் மூக்கில் ஏறியது.

உள்ளே ஓடினான். உத்தரத்தில் கட்டிய தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. திருப்பதி மலையை எத்தனையோ முறை நடந்தேறிப் பெற்ற பிள்ளை அதில் தூங்கியது.

"கொயந்தய எடு, சுலோசனா. வெளிய போய்டலாம்."

"இன்னா பேசறீங்க? ராவெல்லாம் அயுதுட்டு இப்பதான் கண்ணசந்து கீது. நீங்கதான ஊருக்கெல்லாம் சொன்னீங்க, வெளிய வரக்கூடாதுன்னு."

"தப்பா சொல்லிட்டேன். காத்து வெளிய இல்ல."

காய்ச்சல் இவருக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று அவள் பார்த்தாள். பிறகு மாடத்து விளக்கைப் பார்த்தாள். சுடர் தூளிக்கு எதிர்ப்பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கொடியில் காய்ந்த துணிகளும் எதிர்ப்பக்கமாக. குழந்தை மூச்சு விடும்போதெல்லாம்.

"நீங்களே எடுங்க," என்றாள். அவள் சுவரோடு ஒட்டிப் போயிருந்தாள்.

பெற்றவளே இப்படிச் சொன்னது அவனை உலுக்கியது. ஓர் அடி வைத்தான். இரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை. நெஞ்சில் காற்று முட்டியது. காது அடைத்தது. குனிந்து, தவழ்ந்து, தூளியைப் பற்றி விரித்தான்.

தூக்கம். சிவந்த கன்னம். ஈர உதடு.

அழுது ஓய்ந்த பிள்ளைகளுக்கு வருமே, அந்த விம்மல் ஒன்று வந்தது.

ஓடுகள் பறந்தன. முன்சுவர் சாய்ந்தது. எதிரே தெரு முழுவதும் தெரிந்தது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

அவன் உள்ளங்கையைக் குழந்தையின் வாய்க்கு நேரே கொண்டுபோனான். பொத்தினால் போதும். ஊர் பிழைக்கும்.

முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டான்.

குழந்தை புரண்டு படுத்தது. கொட்டாவி விட வாயைத் திறந்தது.