மடிப்புக்குள் ஒரு பதில்

தஸ்நேவிஸின் நம்பகம் நூற்றுக்கு நான்கு. மிதவூரில் அதைவிடக் குறைந்த எண், ஓட்டை இயந்திரங்களைப் புதிது என்று விற்றுவிட்டு ஓடிப்போன ஒருவனுக்கு மட்டும்தான் இருந்தது.

கடல்மேல் மிதக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு நன்னீராக்கி உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் அது மக்கர் செய்தால் எல்லோரும் இணையத்தில் நன்னீர் மன்றத்தில்தான் கேட்பார்கள். யார் பதிலை நம்பலாம் என்று அங்கே நம்புமானி என்ற இயந்திரம் கணக்கிட்டுச் சொல்லும். சொன்னது சரியானால் எண் ஏறும், தவறினால் இறங்கும். 'தெரியாது', 'இருக்கலாம்' என்று எழுதினாலும் இறங்கும். பத்துக்குக் கீழே உள்ளவர் பதிலை மடித்து ஒளித்துவிடும். வேண்டுமானால் தட்டித் திறந்து பார்க்கலாம்.

தஸ்நேவிஸ் முப்பது வருஷம் படகு எஞ்சின் பார்த்தவர். விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் என்றோ சொன்ன பதிலைத் தேடிப்போய், 'மன்னிக்கணும், அன்றைக்கு நான் சொன்னது தப்பு' என்று எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு. அப்படிப்பட்ட மனுஷனை எந்த இயந்திரம் மதிக்கும்?

காற்று வலுத்த அந்தக் காலையில் சண்முகசெல்வி என்பவள் மன்றத்தில் கேட்டிருந்தாள். நன்னீராக்கி நின்றுவிட்டது. ஒரு செம்பு தண்ணீர்தான் மிச்சம். கைக்குழந்தை இருக்கிறது. நாளை மறுநாள்வரை பழுதுபார்ப்புப் படகு வராது.

தொண்ணூறுக்கு மேல் எண் உள்ள பெரியவர்கள் பதினோரு பேர் உடனே வந்தார்கள். 'விரைவில் சரியாகட்டும்' என்று பதினோரு பேரும் வாழ்த்தினார்கள். வாழ்த்தினால் எண் இறங்காது.

தஸ்நேவிஸுக்குப் பொறுக்கவில்லை. உப்பை வடிகட்டும் சவ்வைக் கழுவிப் பார்க்கச் சொன்னார். 'தப்பாகவும் இருக்கலாம், கழுவிவிட்டுச் சொல்லுங்கள்.' எண் மூன்றானது.

வேறு வழியில்லாமல் செல்வி மடிப்பைத் திறந்தாள். கழுவினாள். ஒரு சொட்டும் வரவில்லை.

'நான் சொன்னது தப்பு' என்று அவரே எழுதினார். எண் இரண்டு. 'தரைக்கதவைத் திறந்து உறிஞ்சுகுழாயை மேலே இழுங்கள். அதன் வாயில் கொட்டலசுச் சிப்பிகள் ஒட்டி அடைத்திருக்கும். கத்தியால் சுரண்டுங்கள்.'

அரைமணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. குழந்தையின் வாயெல்லாம் கஞ்சி. தஸ்நேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்வி அத்தனை பேரிடமும் சொன்னாள். கொட்டலசால் நின்றுபோன முப்பது வீட்டு இயந்திரங்கள் அன்றே ஓடின. நம்புமானி அவரைத் தொண்ணூற்று மூன்றில் கொண்டுபோய் வைத்தது. மன்றமே அவரை 'ஐயா' என்றது.

மறுநாள் மதியம் யாரோ புதியவர் கேட்டார்: 'நன்னீராக்கி கிரீச்சிடுகிறது. அணைக்கவா?'

தஸ்நேவிஸ் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார்.

"என்ன, சோறு ஆறுது, எழுதி எழுதி அழிக்கிய?" என்றாள் மனைவி ஜெனோவா.

"தப்பாப் போச்சுன்னா?"

"தெனமும் தப்பாத்தான சொல்லுதிய!"

அவர் சிரிக்கவில்லை. 'விரைவில் சரியாகட்டும்' என்று எழுதி அனுப்பினார். பண்புக்காக ஒரு எண் கூடி, தொண்ணூற்று நான்கு ஆனது.

ஜெனோவா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கீழே மடிப்பு ஒன்று இருந்தது. தட்டித் திறந்து உரக்கப் படித்தாள்.

"'எனக்குச் சரியாத் தெரியாது. நேத்துதான் ஒரு ஐயா சொல்லிக்குடுத்தாங்க. அணைச்சிட்டு உறிஞ்சுகுழாயப் பாருங்க. தப்புன்னா வந்து சொல்லிருதேன்.' நம்ம செல்வி. எண் ஆறு."

தஸ்நேவிஸ் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. திரையைத் திருப்பி வாங்கினார்.

'அணைக்கச் சொன்னது சரி. ஆனால் குழாயில் கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன். அச்சு காய்ந்திருக்கலாம், எண்ணெய் விட்டுப் பாருங்கள். நிச்சயமாகத் தெரியாது.'

"எத்தன எறங்கிச்சு?" என்று கேட்டாள் ஜெனோவா.

"இப்பத்தான் எறங்க ஆரம்பிச்சிருக்கு."

அவர் தட்டில் இன்னொரு மீன்துண்டை வைத்தாள்.