ஏழாம் தொட்டியின் ஐந்து பீப்பாய்கள்

“விரலைக் கழுவிட்டுத்தானே உள்ள விடுவீங்க, மதாம்?” என்று ஒரு முறை பாரிஸிலிருந்து வந்த பெண் ஒருத்தி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஓதெத்திடம் கேட்டாள். ஓதெத் அடுத்த பீப்பாயின் தக்கையைத் திறந்தாள். இருபத்தாறு வருடமாக அந்த நிலவறையில் பீப்பாய்களை நிரப்பிவருகிறவள் அவள். ஒயின் மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். வற்றிய இடத்தில் காற்று நின்றால் கெட்டுவிடும். ஆகவே திங்களும் வியாழனும் ஒவ்வொரு தக்கையாகத் திறந்து, ஆட்காட்டி விரலைத் துளைக்குள் விட்டு, முதல் கணுவை ஒயின் தொடும்வரை ஊற்றி மூட வேண்டும். புட்டிக்கு முன்னூறு யூரோ கொடுக்கிற சீமாட்டிகள் தன் விரலையும் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள் என்று நினைப்பதில் அவளுக்கு ஒரு சின்னச் சுகம்.

இந்த ஜனவரியில் ஐந்து பீப்பாய்கள் வற்றவில்லை.

ஒன்பதாம் வரிசையின் கடைசி ஐந்து. மற்றவை வழக்கம்போல வாரத்துக்கு அரை விரல் இறங்கின. இவை இறங்கவில்லை. பிப்ரவரியில் ஏறத் தொடங்கின. மார்ச்சில் தக்கையைத் தூக்கினாலே துளையின் விளிம்பில் ஒயின் குமிழாக நின்று நடுங்கியது. ஊற்றாமல் எப்படி ஏறும்? அவள் திபோ த ஓர்மசாக்கிடம் போய்ச் சொன்னாள்.

அவர்தான் அந்தத் திராட்சைப் பண்ணையின் முதலாளி. கொடிக்கு வேர் எந்தப் பக்கம் என்று கேட்டால் வக்கீலைக் கூப்பிடுகிற ஆள். பெயருக்கு நடுவே, பிரபு வம்சம் என்று காட்ட இருக்கும் அந்த ‘த’வை அவர் தாத்தா காசு கொடுத்து ஒட்டிக்கொண்டார் என்று மெதோக் வட்டாரம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

“முசியே, ஒன்பதாம் வரிசை வத்தவே மாட்டேங்குது. மேல ஏறுது.”

“ஏறட்டுமே! என் மரம் திருடாது ஓதெத். பக்கத்துப் பண்ணைக்காரனுக்குத் தெரிஞ்சா வயிறெரிஞ்சே சாவான்.”

“அந்த அஞ்சும் ஏழாம் தொட்டி.”

அவர் பேனாவை மூடினார். “உன் விரலுக்குத்தான் நான் சம்பளம் குடுக்கறேன். வாய்க்கு வீடே குடுத்தாச்சு.”

அது உண்மைதான். போன அக்டோபரில் கொடுத்தார். ஆற்றோரம் இரண்டு அறை, சாகும்வரை அவளுக்கு. ஒயினை வடித்த பிறகு தொட்டியின் அடியில் தங்கும் சக்கையை ஆள் இறங்கித்தான் வாரிப்போட வேண்டும். புளிப்பில் கிளம்பும் வாயு அங்கே தேங்கி நிற்கும். அதனால் முதலில் கயிற்றில் மெழுகுவர்த்தியைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அந்த அக்டோபரில் ஒரு நாள், ஏழாம் தொட்டியின் முன்னே முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “காலைலேர்ந்து திறந்துதானே கிடக்கு? மெழுகுவர்த்தி, மந்திரம் எல்லாம் வேணாம். இறங்கச் சொல்லு.” சொன்னது ஓதெத்தின் வாய். இறங்கியது போர்ச்சுகலிலிருந்து அறுவடைக்கு வந்திருந்த செஃபெரினோ.

சக்கையில் முகம் புதைந்து கிடந்தான். முதலாளியும் அவளுமாகத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரில் அலசி, ஏணிக்குக் கீழே கிடத்தினார்கள். ஏணியிலிருந்து விழுந்தான் என்று அவர் போலீஸிடம் சொன்னார். ஆமாம், பார்த்தேன் என்று அவள் தலையசைத்தாள். அந்தச் சக்கையை அன்று சாயங்காலமே ஆலையில் போட்டுப் பிழிந்தார்கள். “மூணு டன்னைக் குப்பைல கொட்டச் சொல்றியா?” என்றார் முதலாளி. பிழிந்தது ஐந்து பீப்பாய் வந்தது. மை போலக் கறுப்பு.

அவனை நினைக்கும்போதெல்லாம் அவள் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொள்வாள். முட்டாள். மூக்கு இல்லையா அவனுக்கு? அப்படிச் சொன்னால்தான் அவளால் சோறு தின்ன முடிந்தது.

புது ஒயினைச் சுவைக்க விருந்தினர் வருவதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை, ஈர ஓக் மரமும் கந்தகப் புகையும் பழைய கல்லின் பாசியும் சேர்ந்து தொண்டையில் ஒட்டுகிற அந்த மணத்துக்குள், வெளியே கூழாங்கற்களில் டிராக்டர் அரைபடும் ஓசை படிக்குப் படி தேய்ந்து கடைசியில் தன் செருப்புச் சத்தம் மட்டுமே மிஞ்சுகிற வரைக்கும், அவள் ஒயின் கேனைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். எட்டு வரிசைகளை முடித்தாள். ஒன்பதாவதில் வேறு மணம். ஈரத் துணி. ரப்பர் பூட்ஸ். முற்றத்தில் அலசியபோது அவள் கையில் ஒட்டியிருந்த அதே மணம்.

முஷ்டியால் பீப்பாயைத் தட்டினாள். நிறைந்த பீப்பாய் ஊமையாகத்தான் ஒலிக்கும். ஒலித்தது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டு. மெல்ல.

எலி என்றாள். பீப்பாய்க்குள் எலி எங்கே வரும்? தக்கையைத் திறந்தாள். பழக்கம்தான் விரலை உள்ளே விட்டது. நிலவறையின் குளிரில் ஒயின் வெதுவெதுப்பாக இருந்தது. வாய்க்குள் இருக்கும் சூடு. முதல் கணு. அசையாமல் நின்றாள். பால்குடி மறக்காத கன்றுக்குட்டி சப்புவதுபோல, ஏதோ ஒன்று விரலை மென்மையாகச் சுற்றி மூடியது.

இழுத்தது.

அவள் கையைப் பிடுங்கிக்கொண்டாள். நகத்தைச் சுற்றி வெளுத்திருந்தது. ஒரு சொட்டு ஒயின்கூட ஒட்டியிருக்கவில்லை. நக்கி எடுத்ததுபோல.

அவள் முதலாளியிடம் ஓடினாள். “அந்த அஞ்சையும் சாக்கடைல ஊத்திடுங்க முசியே. உள்ள ஏதோ இருக்கு.”

“வியாழக்கிழமை மூணு மணிக்கு நாப்பது பேர் வர்றாங்க. அதைத்தான் முதல்ல காட்டப்போறேன்.” அவர் அவள் முகத்தருகே குனிந்தார். “குடிச்சிருக்கியா? இல்ல, போலீஸ்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னு ஆசையா? அப்படின்னா வீட்டுச் சாவியை மேசைல வச்சிட்டுப் போ.”

சாவி அவள் பையிலேயே இருந்தது.

வியாழக்கிழமை நாற்பது பேரும் வந்தார்கள். லண்டன் வியாபாரிகள், போர்தோ தரகர்கள், பத்திரிகைக்காரர்கள். அந்த ஐந்தில் ஒன்றிலிருந்து கண்ணாடிக் குழாயால் முதலாளியே எடுத்து ஊற்றினார். சுழற்றினார்கள், மூக்கை நுழைத்தார்கள், வாத்துக் கூட்டம்போலக் கொப்பளித்தார்கள். ஓதெத் கேனோடு தூணருகே நின்றாள். சொல்லிவிடலாம். சொன்னால் ஆற்றோரத்து இரண்டு அறையும் போகும், அவளும் உள்ளே போவாள். இந்த மூஞ்சிகளுக்காகவா? குடிக்கட்டும் என்று நினைத்தாள்.

கொப்பளித்ததைத் துப்ப மணல் தொட்டி இருந்தது. யாரும் துப்பவில்லை. நாற்பது தொண்டைகளும் ஒரே சமயத்தில் விழுங்கின.

“உயிர் இருக்குய்யா இதுல!” என்றார் ஒரு தரகர். அவர் பல்லெல்லாம் கறுத்திருந்தது. “எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?”

“கேளுங்க! ஜனவரிலேர்ந்து ஒரு சொட்டு ஊத்தலை. நம்ம ஓதெத் பேய் பிசாசுன்னு பயப்படறா.” எல்லோரும் சிரித்தார்கள். “இதோ, நானே காட்டறேன்.” முதலாளி மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விரலைத் துளைக்குள் விட்டார்.

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றது. கண்கள் மட்டும் மாறின.

இரண்டாம் கணு. மூன்றாம் கணு.

“நல்லா நடிக்கிறீங்க முசியே!” என்றாள் ஒருத்தி.

கட்டைவிரல் மடங்கியது. மணிக்கட்டு நுழையவே முடியாத துளை அது. சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். நுழைந்தது. அவர் பீப்பாயின் மேல் கவிழ்ந்தார். வாய் திறந்தது, மூச்சு வரவில்லை. கரையில் போட்ட மீன்போல உதடுகள் மட்டும் அடித்துக்கொண்டன. ஓதெத் பக்கம் தலையைத் திருப்பினார்.

“சொல்லிடு...” காற்றே இல்லாத குரல். “எப்படிச் செத்தான்னு... சொல்லிடு ஓதெத்... விட்டுடும்...”

முழங்கை.

துளையைச் சுற்றி ஒயின் பொங்கி மரத்தில் வழிந்தது. முன்னைவிடச் சிவப்பு. தரகர் குனிந்து வழிவதன் கீழே தன் கோப்பையைப் பிடித்தார். லண்டன்காரர் பிடித்தார். பிறகு எல்லோரும். கறுத்த பற்களோடு, ஒருவரை ஒருவர் இடிக்காமல், மரியாதையாக வரிசையில் நின்றார்கள். யாரோ முகர்ந்து பார்த்து, “இப்பதான் முழுசாகுது” என்றார்கள். மீதி நான்கு பீப்பாய்களின் தக்கைகள் ஏறின. இறங்கின. ஏறின. மூச்சுவிடும் நெஞ்சுபோல.

“ஓதெத்...”

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்கு இரண்டு அறை விலை. தொட்டிக்குள் இறங்கியவனைச் சொன்ன அதே ‘முட்டாள்’ நாக்கு நுனிவரை வந்தது. அதைக்கூட இவருக்குத் தர அவளுக்கு மனமில்லை.

கேனைத் தரையில் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். கோப்பை ஏந்தி நின்ற வரிசையைச் சுற்றிக்கொண்டு நடந்து, வாயே திறக்காமல் படியேறிப் போனாள்.