செம்பூரில் கிடைத்த சால்னா

மாட்டுங்காவில் ஒரு காபிக் கடையில் நஜிமுதீன் இரண்டாவது காபிக்குச் சொல்லியிருந்தபோது, பூமாரி வந்து எதிரே உட்கார்ந்தாள். தாராவியில் பரோட்டாக் கடை நடத்துகிறவள். நஜிமுதீன் மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கடை கடையாகப் போய்ச் சாப்பிடுகிறார். கூடவே வரும் சாதனா அதை வீடியோ எடுத்துப் போடுகிறாள். அவள் கோழி சாப்பிடுவது மட்டும் மாட்டுங்காவில் இருக்கும் அவளுடைய சைவ வீட்டுக்குத் தெரியாது.

“எங்க சால்னாவ செம்பூர்ல ஒருத்தன் விக்கான், பாய்,” என்றாள் பூமாரி.

புதிதாகத் திறந்த ஏசி ஹோட்டல். வறுத்த வேர்க்கடலையை அரைத்துச் சேர்ப்பது அவளுடைய பக்குவம். அதுவும் அங்கே இருந்தது. தன் கடைச் சமையல்காரன் செல்வத்தை அந்த ஹோட்டல் வாசலில் யாரோ பார்த்ததாகச் சொல்ல, அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் மனது உறுத்தியது.

கடையில் வேறு யார் என்று நஜிமுதீன் விசாரித்தார். மசாலா அரைக்கிறவள் பானுமதி, தூத்துக்குடிக்காரி. கல்லாவில் மகன் மகேஷ்குமார், பம்பாயில் பிறந்து இந்தியில் படித்தவன். காலையில் என்னென்ன போட வேண்டுமென்று பூமாரி சத்தமாகச் சொல்வாள். செல்வமும் பானுமதியும் எடுத்துப் போடுவார்கள்.

“செல்வம்தான் அங்கிள். யாரோ வாசல்லயே பாத்திருக்காளே,” என்றாள் சாதனா.

“முதல்ல சாப்பிடுவோம்,” என்றார் நஜிமுதீன்.

செம்பூரில் அவர் பரோட்டாவைச் சால்னாவில் தோய்த்து நிதானமாக மென்றார். மோர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒரு வாய் சாப்பிட்டார். எல்லாம் பூமாரி சொன்னபடியே இருந்தது, ஒன்றைத் தவிர. சோம்பு இல்லை, பிரியாணிக்குப் போடும் கறுப்பு ஷாஹி ஜீரா இருந்தது.

மறுநாள் கடை திறக்குமுன் செல்வத்தையும் வரவழைத்தார்கள். நஜிமுதீன் மேஜைமேல் மூன்று தட்டுகளை வைத்தார்: சீரகம், சோம்பு, ஷாஹி ஜீரா.

“மகேஷ், அந்தப் பெருஞ்சீரகத்த எடு,” என்றார், ஏதோ யோசனையில் கேட்பவர்போல.

மகேஷ் ஷாஹி ஜீரா இருந்த தட்டை நீட்டினான். செல்வமும் பானுமதியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பெருஞ்சீரகம்னா சோம்பு,” என்றார் நஜிமுதீன். “தினம் கையால எடுத்துப் போடுதவங்களுக்கு அதுல தப்பு வராது. செம்பூருக்குச் சொன்னவன் காதால கேட்டிருக்கான், கண்ணால பாக்கல. பெருஞ்சீரகத்த இந்தில எப்படிச் சொல்லன்னு யோசிச்சு, பெரிய சீரகம்னா ராஜ சீரகம்தான்னு நெனச்சு ஷாஹி ஜீரான்னு சொல்லியிருக்கான். கல்லாவுல தினம் சோன்ஃப்னு சோம்பத்தான் வைக்கான், அதுதான் பெருஞ்சீரகம்னு தெரியல.”

செல்வம் அந்த வாசலுக்குப் போனது, வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ருசி பார்க்கத்தான். அதைச் சொல்ல வந்தபோதுதான் பூமாரி அவனைப் பேசவிடவில்லை.

மகேஷ் மறுக்கவில்லை. செம்பூர்க்காரன் பார்ட்னர் ஆக்குவதாகச் சொன்னானாம். “இங்க எனக்கு என்னம்மா இருக்கு? அடுப்புப் பக்கமே நீ விட்டதில்லயே,” என்றான்.

பூமாரி அவனைப் பார்க்காமல் செல்வத்திடம் திரும்பி, தன் அவசரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், திரும்பி வர வேண்டும் என்று கேட்டாள்.

“கோவம் இல்லக்கா,” என்றான் செல்வம். “குர்லாவுல வேலைக்கு வாரேன்னு சொல்லிட்டேன். சொன்னா போகணும்லா.” சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

சாதனா எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை நஜிமுதீன் சைகையால் நிறுத்தச் சொன்னார். வெளியே பரோட்டாவுக்கு ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். பூமாரி கல்லாச் சாவியைப் பானுமதியிடம் கொடுத்தாள்.

“மகேஷு, உள்ள வா,” என்றாள். “வெங்காயத்த உரி.”